பூனைகளில் உரோம உருண்டை: தோன்றும் காரணமும் தடுக்கும் முறையும்

நெல்லை மூடையாக அடுக்கிவைக்கும் வீடுகளிலும், உழுந்து, பயறு, குரக்கன் ஆகியவற்றை விதைக்கெனச் சேமித்துவைக்கும் வீடுகளிலும் பூனை வளர்ப்பது நெடுங்கால வழக்கமாகும். தானியம் சேர்ந்த இடத்தை எலி நாடுகிறது; எலி சேர்ந்த இடத்தைப் பூனை நாடுகிறது. சைப்பிரசுத் தீவில், ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதனுக்கு அருகே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்தமை 2004 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பயிர்ச்செய்கையாளனுக்கும் பூனைக்கும் உள்ள உறவு எத்துணைப் பழமையானது என்பதற்கு இதுவே சான்றாகும்.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் நோய் கண்டால் உடனே வைத்தியரை நாடும் கமக்காரர், பூனை வாந்தியெடுக்கும்போது அதனைப் பொருட்படுத்துவதில்லை. “வயிற்றில் மயிர் சேர்ந்துவிட்டது; தானே சரியாகிவிடும்” என்று விட்டுவிடுவர். பெரும்பாலும் இது உண்மையே. ஆயினும் சில வேளைகளில் அவ்வாறு விட்டுவிடுவதாலேயே நல்ல பூனை இறந்துபோகிறது. எது இயல்பானது, எது ஆபத்தானது என்பதை வேறுபடுத்தி அறிவதற்கும், உரோம உருண்டை அடிக்கடி தோன்றாமற் காப்பதற்கும் வேண்டிய விபரங்கள் கீழே தரப்படுகின்றன.

உரோம உருண்டை என்பது யாது?

பூனை தன் உடலை நக்கும்போது விழுங்கும் உரோமம் இரைப்பையிற் சேர்ந்து, சளியுடனும் உணவுத் துணிக்கைகளுடனும் பின்னிக் கட்டியாவதே உரோம உருண்டை எனப்படும். பெயர் உருண்டை எனினும், வெளிவரும்போது அது உருண்டையாக இருப்பது அரிது. ஒடுங்கிய உணவுக் குழாயினூடாக நெருக்குண்டு வருவதால் விரல் போன்று நீண்டு, ஈரமாகக் காணப்படும். பூனையின் மலம் எனப் பலர் இதனைத் தவறாகக் கருதுவதுண்டு. குச்சியொன்றினாற் பிரித்துப் பார்ப்பின், உள்ளே உரோமம் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

கன்றுகளின் வயிற்றிலும் உரோமக் கட்டிகள் தோன்றுவதுண்டு. அவை வயிற்றிலேயே நீண்ட காலம் புரண்டு கிடப்பதால் பந்துபோல் உருண்டு திரள்கின்றன. பூனையோ தன் வயிற்றிற் சேர்ந்ததை வாந்தியாக வெளியேற்றவல்லது.

உரோமம் வயிற்றை அடையும் விதம்

பூனையின் நாக்கைத் தொட்டுப் பார்த்தோர் அது அரம் போலச் சொரசொரப்பாக இருப்பதை அறிவர். அதன் மேற்பரப்பில், தொண்டையை நோக்கிப் பின்புறமாக வளைந்த சிறிய முட்கள் வரிசையாக அமைந்துள்ளன. நமது நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே இம்முட்களும் ஆனவை. ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, இம்முட்களின் நுனி அகப்பைபோற் குழிந்துள்ளது. அக்குழி வாயிலுள்ள உமிழ்நீரை ஏந்திச் சென்று, உரோமத்தின் அடிவரை சேர்க்கிறது. இவ்வாறு பூனை தன்னைத் தானே கழுவிச் சீவிக்கொள்கிறது.

முட்கள் பின்நோக்கி வளைந்திருப்பதனால், நாக்கிற் சிக்கிய உதிர்ந்த உரோமத்தைப் பூனையால் எளிதில் துப்பிவிட முடியாது, விழுங்கவே நேரிடுகிறது. உரோமம் எளிதிற் சமிபாடடையும் பொருளன்று. விழுங்கப்பட்டதிற் பெரும்பகுதி உணவுடன் குடலினூடாகச் சென்று மலத்துடன் வெளியேறும். எஞ்சிய சிறுபகுதியே இரைப்பையிற் தங்கி, நாளடைவிற் கட்டியாகிறது.

ஆகவே விழுங்கப்படும் உரோமத்தின் அளவு கூடினாலும், இரைப்பையும் குடலும் அதனை முன்தள்ளும் ஆற்றல் குறைந்தாலும் உரோம உருண்டை தோன்றும். தடுப்பு முறைகள் யாவும் இவ்விரண்டையும் சார்ந்தனவே.

எது இயல்பு? எது நோயின் அறிகுறி?

நம் ஊர்ப் பூனைகளிற் பெரும்பாலானவை குட்டை உரோமம் உடையவை. இத்தகைய பூனை சில மாதங்களுக்கு ஒருமுறை உரோம உருண்டையை வாந்தியெடுத்து, சிறிது நேரத்தில் வழமைபோல் உண்டு, ஓடியாடித் திரியுமாயின் கவலைப்பட வேண்டியதில்லை. நீண்ட உரோமமுள்ள பாரசீக இனப் பூனைகளிலும் அவற்றின் கலப்பினங்களிலும் இது சற்று அடிக்கடி நிகழும். குட்டிகளிலும் பார்க்க வளர்ந்த பூனைகளிலேயே இது மிகுதி.

ஆயின், குட்டை உரோமப் பூனையொன்று மாதத்துக்கு ஒன்றிற்கு மேற்பட்ட தடவை உரோமத்தை வாந்தியெடுப்பின், அல்லது முன்பு அரிதாக எடுத்த பூனை இப்போது அடிக்கடி எடுக்கத் தொடங்கின், அதற்கு ஒரு காரணம் உண்டு எனக் கொள்ளுதல் வேண்டும். அங்கே உரோம உருண்டை நோயன்று; வேறொரு நோயின் அடையாளமே. அக்காரணத்தைத் தேடாமல் வாந்திக்கு மட்டும் மருந்து கொடுப்பது, வரம்பிலுள்ள நண்டு வளையை அடைக்காமல் வயலுக்கு மேன்மேலும் நீர் பாய்ச்சுவதை ஒக்கும்.

உரோமம் மிகுதியாக விழுங்கப்படுவதற்கான காரணங்கள்

1. தெள்ளு. இதுவே முதலிற் தேடவேண்டிய காரணமாகும். தெள்ளுக் கடித்த இடம் அரிப்பெடுப்பதால், பூனை அவ்விடத்தை இடைவிடாது நக்கியும் கடித்தும் உரோமத்தைப் பிடுங்கி விழுங்குகிறது. தெள்ளையும் உடன் விழுங்கிவிடுவதால், தெள்ளின் கண்ணுக்குத் தெரியாமல் பூனையிடம் தெள்ளு இல்லையெனக் கமக்காரர் எண்ணிவிடுவதுமுண்டு. தெள்ளினாற் பரவும் நாடாப் புழுவும் பூனைக்கு இவ்வழியே தொற்றுகிறது. குதத்தைச் சுற்றிலும் படுக்கையிலும் அரிசிமணி போன்ற துண்டுகள் காணப்படுதல் அதன் அடையாளமாகும்.

2. தோல் நோய்கள். சொறி, படை, ஒவ்வாமை ஆகியனவும் நக்குதலை மிகுவிக்கும்.

3. உணவுக் குறைபாடு. உரோமம் பெரும்பாலும் புரதத்தாலேயே ஆனது. சோறும் குழம்பும் மட்டும் உண்ணும் பூனையின் உரோமம் பொலிவிழந்து, எளிதில் உதிரும்.

4. நோவும் மனக்கலக்கமும். புதிய பூனையோ நாயோ வீட்டுக்கு வந்தாலும், நெடுநேரம் அடைத்துவைக்கப்பட்டாலும், உடலின் ஒரு பகுதியில் நோவிருந்தாலும் பூனை அளவுக்கு மிஞ்சி நக்கும். வயிற்றிலோ தொடையிலோ உரோமம் கத்தரித்தாற்போற் குறுகியிருப்பின் இதனை ஐயுறலாம்.

5. குடல் நோய்கள். இவற்றில் விழுங்கும் உரோமம் மிகுவதில்லை. ஆயினும் குடலின் இயக்கம் தளர்வதால் வழமையான அளவு உரோமமே வயிற்றிற் தங்கிவிடுகிறது. முதிய பூனை மெலிந்துகொண்டே அடிக்கடி வாந்தியெடுப்பின் இதுவே காரணமாகலாம்.

தடுக்கும் முறைகள்

சீவுதல்

சீப்பில் வரும் உரோமம் வயிற்றுக்குட் செல்வதில்லை. எனவே தடுப்பு முறைகளில் இதுவே முதன்மையானது, செலவற்றதுமாகும். குட்டை உரோமப் பூனையைக் கிழமைக்கு இரு தடவையும், நீண்ட உரோமப் பூனையை நாள்தோறும் சீவுதல் வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதுமானது. நம் நாட்டிற் பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுபடாமையால், குளிர்நாடுகளிற்போல் ஒரு பருவத்தில் மட்டும் உரோமம் உதிரும் என எதிர்பார்த்தலாகாது. ஆண்டு முழுவதும் சீவுதல் அவசியம்.

பூனை உண்டு ஓய்ந்திருக்கும் வேளையில், தலையிலிருந்து வாலை நோக்கி, உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாகச் சீவுக. முதலில் அகன்ற பல்லுடைய சீப்பையும், பின்னர் பேன் சீப்பையும் பயன்படுத்துக. முடிவில் ஈரக் கையாற் தடவின், தளர்ந்து நிற்கும் உரோமம் கையோடு வந்துவிடும். சடைபிடித்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்ட முயலுதல் ஆகாது. பூனையின் தோல் மெல்லியதாகையால் உரோமத்துடன் தோலும் வெட்டுண்ணும். விரல்களாற் சிறிது சிறிதாகப் பிரித்துவிடுக. குட்டிப் பருவத்திலேயே பழக்கிய பூனை பின்னர் எதிர்ப்பதில்லை.

தெள்ளை ஒழித்தல்

சீப்பில் வந்த கரும்பொடியை நனைத்த வெள்ளைத் தாளில் இடுக. பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவுமாயின் அது தெள்ளின் எச்சமாகும். பூனையின் இரத்தமே அதில் உள்ளது. தெள்ளின் முட்டைகள் பூனையின் உடலிலிருந்து உதிர்ந்துவிடுவதால், முட்டைகளும் புழுக்களும் பெரும்பாலும் அது படுக்கும் சாக்கிலும் நிலவெடிப்பிலுமே இருக்கும். ஆகையால் சாக்குகளைச் சுடுநீரிற் கழுவி வெயிலிற் காயவிட்டு, தரையை நன்கு கூட்டித் துப்புரவு செய்தல் வேண்டும். வீட்டிலுள்ள நாய், பூனை யாவற்றுக்கும் ஒரே காலத்திற் சிகிச்சை செய்யாவிடின் பயனில்லை.

பூனைக்கென ஆக்கப்பட்ட மருந்தையே கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படி இடுதல் வேண்டும். நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளிலுள்ள பேர்மெத்திரின் என்னும் பொருள் பூனைக்குக் கொடிய நஞ்சாகும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியை நீரிற் கரைத்துப் பூனைமீது பூசுவது ஒருபோதும் செய்யத்தகாத செயல். உரோமத்திற் படிந்த மருந்து முழுவதையும் அது நக்கி உட்கொள்ளும் என்பதை மறத்தலாகாது.

உணவும் நீரும்

பூனை இயல்பில் ஊனுண்ணும் பிராணி. டோரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் பார்வையும் இதயமும் கெடும். அச்சத்து மீனிலும் இறைச்சியிலும் உண்டு, சோற்றில் இல்லை. சூடை, சாளை போன்ற மலிவான மீன்களை உப்பிடாது அவித்து, முள் நீக்கி, அவித்த நீருடனேயே கொடுப்பது நன்று. உணவுடன் நீரும் சேர்வதால் குடலின் இயக்கம் சீராகும். உணவை ஒரே வேளையில் மிகுதியாக இடாமல், இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்திடுக.

குடிநீரை அகன்ற பாத்திரத்தில், உணவுப் பாத்திரத்துக்குச் சற்றுத் தொலைவில், நாள்தோறும் மாற்றி வைத்தல் வேண்டும். மருந்து கலக்கிய வாளியிலோ, தெளிகருவி கழுவிய குழியிலோ பூனை நீர் குடிக்க இடமளித்தலாகாது.

உரோமம் மலத்துடன் வெளியேறுவதற்கு நார்ப்பொருள் சில பூனைகளுக்கு உதவுகிறது. உப்பும் மசாலையும் சேராது அவித்து மசித்த பூசணிக்காய் ஒரு தேக்கரண்டியளவு உணவிற் கலந்து கொடுக்கலாம். வயிற்றோட்டம் காணின் நிறுத்திவிடுக. பூனை புல்லை மேய்வதும் இயல்பே. ஆனால் களைகொல்லி தெளித்த வரம்புப் புல் அதற்கு ஏற்றதன்று. ஒரு சட்டியில் மண்ணிட்டுக் குரக்கனை முளைக்கவைத்து வீட்டருகே வைப்பின் பூனை அதனைக் கடித்துக்கொள்ளும். மருந்திட்டு விதைநேர்த்தி செய்த விதையை இதற்குப் பயன்படுத்தலாகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஆண்டில் மூன்று நான்கு தடவை மட்டும் உரோமத்தை வாந்தியெடுத்த பூனையொன்று, சிறுபோக அறுவடைக்குப் பின்னர் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கத் தொடங்குகிறது என வைத்துக்கொள்வோம். அது நெல் மூடைகளின்மேற் படுத்துறங்குகிறது. வீட்டு நாயும் அருகிலேயே படுக்கிறது. உரிமையாளர் எண்ணெய் பருக்குகிறார்; பயனில்லை. பேன் சீப்பால் வாலடியைச் சீவிப் பார்த்தால் கரும்பொடி காணப்படுகிறது. இங்கே சிகிச்சை தேவைப்படுவது வயிற்றுக்கன்று. நாய்க்கும், பூனைக்கும், அவை படுக்கும் சாக்குக்குமே. தெள்ளு ஒழிந்து அரிப்பு நீங்கின் நக்குதல் குறையும். நக்குதல் குறையின் வாந்தியும் குறையும்.

செய்யத்தகாதவை

எண்ணெயை வலிந்து பருக்குதல்: தேங்காயெண்ணெயையோ திரவப் பரபினையோ வாயைத் திறந்து ஊற்றும்போது, அது மூச்சுக்குழாய்க்குட் சென்று நுரையீரலைக் கெடுக்கும். சுவையற்ற திரவப் பரபின் தொண்டையில் இறங்குவதைப் பூனை உணர்வதில்லையாகையால் ஆபத்து மிகுதியாகும். உரோம உருண்டைக்கென விற்கப்படும் பசை மருந்துகளையும் வைத்தியர் கூறிய அளவிலேயே கொடுத்தல் வேண்டும்.

மனிதருக்கான மாத்திரைகள்: பரசிற்றமோல் மாத்திரையொன்றே பூனையைக் கொல்லப் போதுமானது. அரை மாத்திரையெனினும் கொடுத்தலாகாது.

வெங்காயமும் உள்ளியும்: இவை பூனையின் செங்குருதிக் கலங்களைச் சிதைப்பவை. வெங்காயம் சேர்ந்த குழம்பை நாள்தோறும் சோற்றிற் பிசைந்து வைப்பது பூனைக்குத் தீங்காகும்.

பால்: வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் சமிபாடடையாது வயிற்றோட்டத்தை உண்டாக்கும். உரோமத்தை வெளியேற்றும் மருந்தாக அதனைக் கருதுதல் தவறு.

உரோம உருண்டை என மயங்கத்தக்க வேறு நோய்கள்

இழைப்பு நோய். பூனை நிலத்தோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, மீண்டும் மீண்டும் இருமும், எதுவும் வெளிவராது. உரோமம் தொண்டையிற் சிக்கியதெனப் பலர் எண்ணுவர். எத்தனை தடவை முயன்றும் உரோமம் வராவிடின் நுரையீரல் நோயை ஐயுறல் வேண்டும்.

நூல் விழுங்குதல். மீன் மணம் பொருந்திய வலை நூல், மரக்கறிப் பந்தலிற் கட்டும் நைலோன் கயிறு, சாக்குத் தைக்கும் நூல் ஆகியவற்றைப் பூனை விழுங்குவதுண்டு. வாயிலோ குதத்திலோ நூல் தொங்கக் கண்டால் இழுத்தலாகாது. உள்ளே சிக்கிய நூல் குடலை அறுத்துவிடும். அவ்வாறே விட்டு உடனே வைத்தியரிடம் கொண்டு செல்லுக.

நஞ்சூட்டல். மருந்து தெளித்த பாத்தியினூடாக நடந்த பூனை, பின்னர் கால்களையும் வயிற்றையும் நக்கி அம்மருந்தை உட்கொள்ளும். நஞ்சு தின்ற எலியை உண்பதாலும் பூனை நஞ்சூட்டப்படும். வாயில் நீரொழுகுதல், நடுக்கம், தள்ளாட்டம், முரசு வெளிறுதல், இரத்தம் கசிதல், மூச்சுத் திணறல் ஆகியன வாந்தியுடனோ வாந்தியின்றியோ தோன்றலாம். குருதி உறைதலைத் தடுக்கும் எலி நஞ்சின் அறிகுறிகள் சில நாட்கள் சென்றே வெளிப்படும். உடலில் மருந்து படிந்திருப்பின் கையுறை அணிந்து, சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, நக்காதவாறு துணியாற் சுற்றி, மருந்துப் போத்தலின் சுட்டியுடன் வைத்தியரிடம் விரைக. தெளிக்கும் நாளிலும் எலி நஞ்சு வைக்கும் நாட்களிலும் பூனையை வீட்டில் அடைத்துவைத்தல் சிறந்தது. செத்த எலிகளை உடனுக்குடன் பொறுக்கிப் புதைத்துவிடுக.

விசர்நோய். விசர்நோயுற்ற பூனை தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் வீணீர் வடித்து, விழுங்க இயலாது நிற்கலாம். எனவே தொண்டையிற் சிக்கியதை எடுப்பதற்கெனப் பூனையின் வாய்க்குள் விரலை இடுதல் உயிருக்கு ஆபத்தானது. பூனை கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். பூனைக்கு விசர்நோய்த் தடுப்பூசியைக் காலந்தவறாது ஏற்றுவிப்பது வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் பாதுகாப்பாகும்.

வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டிய சந்தர்ப்பங்கள்

பின்வரும் அறிகுறிகளில் ஒன்றேனும் காணப்படின், உரோமக் கட்டியோ வேறு பொருளோ குடலை அடைத்திருக்கலாம்.

1. ஒரு நாள் முழுவதும் உணவை மறுத்தல்.
2. பலமுறை ஓங்காளித்தும் எதுவும் வெளிவராமை. அல்லது உண்டதும் குடித்ததும் உடனே வாந்தியாதல்.
3. மலம் கழியாமை, வயிறு உப்புதல், வயிற்றைத் தொட்டால் நோவால் அலறுதல்.
4. சோர்ந்து ஒதுங்கிய மூலையிற் கிடத்தல்.
5. வாந்தியிலோ மலத்திலோ இரத்தம் காணல்.
6. நாளுக்கு நாள் மெலிதல்.

குடல் முற்றாக அடைபட்டால் சத்திர சிகிச்சையின்றிப் பூனையைக் காப்பது அரிது. ஒவ்வொரு நாள் தாமதமும் ஆபத்தை மிகுவிக்கும். பூனையைக் காற்றோட்டமுள்ள கூடையிலோ துளையிட்ட பெட்டியிலோ வைத்துக் கொண்டுசெல்க. வாந்தியெடுத்த பொருளைப் பொலித்தீன் பையிலிட்டு உடன் கொண்டுசெல்லின் வைத்தியருக்கு அது பேருதவியாகும். எத்தனை நாளாக, எத்தனை தடவை வாந்தி, கடைசியாக உண்டது எப்போது, மலம் கழித்தது எப்போது, அண்மையிற் தோட்டத்துக்குத் தெளித்த மருந்து யாது, எலி நஞ்சு வைக்கப்பட்டதா என்பனவற்றை மறைக்காது கூறுதல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

எப்போதாவது ஒருமுறை வெளிவரும் உரோம உருண்டை நோயன்று. அடிக்கடி வெளிவருமாயின் முதலிற் தெள்ளைத் தேடுக; பின்னர் உணவைக் கவனிக்க. கிழமைக்கு இருமுறை சீவுக. எண்ணெயை வலிந்து பருக்கற்க. தொங்கும் நூலை இழுக்கற்க. வாய்க்குள் விரலை இடற்க. உணவை மறுத்து, ஓங்காளித்து, மலங்கழியாது கிடக்கும் பூனையை அன்றே அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்தியரிடம் காட்டுக.

இரவிற் கண்விழித்து விதைநெல்லைக் காக்கும் பிராணிக்குக் கமக்காரர் கிழமையிற் 10 நிமிடம் ஒதுக்குதல் பெரிதன்று. சீப்பைக் கையிலெடுக்கும் அந்நேரத்தில் அதன் தோலும், பல்லும், எடையும் கண்ணிற் படும். பின்னர் பெருநோயாக வளரக்கூடியது தொடக்கத்திலேயே அறியப்படும்.